நடுத்தர விலைக் கணினிக்குச் சிறிய மதர்போர்டு தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கணினி பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையை, முதலில் வாங்கிவிடுகிறார்கள். கடையில் தள்ளுபடி இருந்தது, பெட்டியின் மேல் படம் நன்றாக இருந்தது என்று காரணம் சொல்வார்கள். பிறகு மற்ற பாகங்களை அதற்கேற்ப வளைக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது: மற்ற எல்லாவற்றையும் காகிதத்தில் முடிவு செய்துவிட்டு மதர்போர்டைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். பணம் கொடுக்கும் முன் அதன் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

பெரிய போர்டில் செய்த தவறைச் சமாளிக்க இடம் இருக்கும். சிறிய போர்டில் இருக்காது. அதனால்தான் இந்த வரிசை முக்கியமாகிறது.

1. முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியவை

கடைக்குப் போகும் முன் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு உண்டா, எத்தனை எஸ்எஸ்டி மற்றும் ஹார்ட் டிஸ்க், எந்த கேபினட், இணையம் கேபிளிலா வைஃபையிலா. விலையைக் கடைசியாக எழுதுங்கள்.

பிராசசரின் பெயரை முழுதாக எழுதுவது அவசியம். "ஐ5" என்றோ "ரைசன் 5" என்றோ எழுதினால் போதாது. இன்டெலில் கோர் ஐ5 12400க்கும் 12400எஃப்க்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது. எஃப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் உள்ள ஹெச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம். ஏஎம்டியில் ரைசன் 5 7600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை.

இந்த வழிகாட்டிக்கு நான் வைத்துக்கொள்ளும் உதாரணம்: ரைசன் 5 7600, ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, பழைய கணினியிலிருந்து எடுத்த ஒரு ஹார்ட் டிஸ்க். வீட்டில் படிப்புக்கும் விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் இந்தக் கூட்டணி தாராளமாகப் போதும்.

2. அளவு: மைக்ரோ ஏடிஎக்ஸா, மினி ஐடிஎக்ஸா?

முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 மி.மீ. உயரமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. உள்ளங்கையை விரித்து வைத்தால் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

முதல்முறை பூட்டுகிறவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸையே சொல்வேன். மினி ஐடிஎக்ஸில் விரிவாக்க ஸ்லாட் ஒன்றுதான், ரேம் ஸ்லாட் பொதுவாக இரண்டுதான். அதே வசதிகளை நெருக்கி அடைக்க வேண்டியிருப்பதால் விலையும் கூடுதல். அதற்கேற்ற கேபினட்டும், மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் சிறிய அளவில் வேண்டியிருப்பதும் தனிச் செலவு. மேசையில் இடமே இல்லை, அல்லது கணினியைப் பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே அளவல்ல. மலிவான போர்டுகள் சில 200 மி.மீ.யை ஒட்டிய அகலத்தோடு முடிந்துவிடும். வலது ஓரத்தில் திருகுத் துளை இருக்காது. அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கும். 24 பின் கொண்ட மின் இணைப்பியை அழுத்திச் செருக வேண்டிய இடமும் அதே ஓரம்தான். போர்டு வில்லாக வளைவதைப் பார்த்து ஒரு பையன் கையை எடுத்துவிட்டான். இணைப்பி பாதி உள்ளே, பாதி வெளியே. கணினி ஓடவில்லை. இப்படிப்பட்ட போர்டை வாங்கினால், கேபினட்டில் பொருத்தும்போது அந்த ஓரத்துக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு செருகுங்கள்.

3. சாக்கெட்டும் சிப்செட்டும்

சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்; அது பொருந்தாவிட்டால் பிராசசர் உட்காராது, அதில் பேச்சுக்கு இடமில்லை. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. கோர் அல்ட்ரா 200 வரிசை மேசைக் கணினிப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ1851. ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. ரைசன் 5000க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஏஎம்4.

போர்டு எந்த வசதிகளைத் தரும் என்பதைத் தீர்மானிக்கும் சில்லான சிப்செட்டில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பெயர் எண்களைப் பார்த்துப் பெரியது நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஏஎம்5 பக்கம், ஏ620இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது. பி650, பி850இல் முடியும். பி840 பெயரில் பி850க்குப் பக்கத்து வீடு போலத் தெரியும். ஆனால் அதிலும் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது, அதன் தரம் ஏ620 பக்கம்தான். கடையில் கேட்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், பி840ஐ விட்டுவிட்டு பி650 அல்லது பி850 எடுங்கள்.

இன்டெல் பக்கம், ஹெச்610 மிக மலிவு. அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை: ரேம் ஸ்லாட் இரண்டு மட்டுமே, ரேமை அதிக வேகத்தில் ஓட்ட முடியாது, எஸ்எஸ்டிக்கு உரிய எம்.2 ஸ்லாட் பொதுவாகப் பிசிஐஇ 3.0 வேகத்தோடு நின்றுவிடும் (பிசிஐஇ என்பது கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் பிராசசரோடு இணைக்கும் பாதை; எண் கூடினால் வேகம் கூடும்). பி760இல் இந்த மூன்றும் தளர்கின்றன. இரண்டிலுமே பிராசசரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. ஆகவே 'கே' என்று முடியும் பிராசசரை அவற்றோடு வாங்கி அந்த எழுத்துக்கு வீணாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

எங்கள் உதாரணத்துக்கு பி650 போதும். ரைசன் 5 7600ஐ ஓவர்கிளாக் செய்யும் ஆசை இல்லாவிட்டால் ஏ620உம் ஓட்டும்.

4. மின்சாரப் பகுதியைப் பயப்படாமல் பார்ப்பது

பிராசசருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் பகுதிதான் விஆர்எம். அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பிரிவுகள்தான் ஃபேஸ். பெட்டியில் "12+2+1 ஃபேஸ்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தரமான எட்டு ஃபேஸ், தரமற்ற பன்னிரண்டை விடக் குளிர்ச்சியாக ஓடும்.

முதலில் உங்கள் பிராசசர் எவ்வளவு கேட்கும் என்று பாருங்கள். ரைசன் 5 7600 பெட்டியில் 65 வாட் என்று இருக்கும்; சாக்கெட் வழியாக அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். ஐ5 12400இன் உச்சம் 117 வாட். ஐ5 14600கே 181 வாட் வரை போகும். முதல் இரண்டையும் எந்த முறையான போர்டும் தாங்கும். மூன்றாவதுக்கு விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க், அதாவது சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டி, கட்டாயம் வேண்டும்.

ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதைப் புகைப்படத்திலேயே பார்க்கலாம். பிராசசர் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் கறுப்புச் சதுரச் சில்லுகள் வெறுமையாகத் தெரிந்தால் அது இல்லை என்று பொருள். மே மாதச் சென்னையில், குளிர்சாதனம் இல்லாத அறையில், நாள் முழுதும் வீடியோ ஏற்றுமதி செய்யப் போகிறவர் வெறும் சில்லு போர்டை எடுக்கக் கூடாது. விஆர்எம் சூடேறினால் போர்டு உடனே எரியாது; பிராசசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவருக்குக் காரணமே தெரியாது. "விண்டோஸ் மந்தமாகிவிட்டது" என்று மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்.

5. கையேட்டைத் திறந்து ஸ்லாட்டுகளை எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் கையேடு இலவசமாகக் கிடைக்கும். பெட்டியில் விளம்பரம் எழுதியிருக்கும். நிபந்தனைகள் கையேட்டில் இருக்கும்.

முதலில் கிராபிக்ஸ் கார்டின் தடிமன். மைக்ரோ ஏடிஎக்ஸில் அதிகபட்சம் நான்கு விரிவாக்க ஸ்லாட்டுகளுக்கு இடம். இன்றைய கார்டுகள் இரண்டரை, மூன்று ஸ்லாட் தடிமனில் வருகின்றன. மேல் ஸ்லாட்டில் அதைச் செருகினால் கீழே இருக்கும் இரண்டு ஸ்லாட்டுகள் மறைந்துவிடும். ஒலி அட்டையோ வைஃபை அட்டையோ போடத் திட்டமிருந்தால், அதற்குரிய ஸ்லாட் நான்காவது இடத்தில் இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள்.

நீளமான ஸ்லாட் எல்லாம் வேகமானதல்ல. இரண்டாவதாக ஒரு நீள ஸ்லாட் இருந்தாலும், உள்ளே லேன் எனப்படும் தரவுப் பாதைகள் நான்கோ ஒன்றோதான் இணைக்கப்பட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டை எப்போதும் பிராசசருக்கு அருகில் உள்ள ஸ்லாட்டில் செருகுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்ற கார்டுகள் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. அதனால் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அவற்றுக்குக் கிடைக்கும் பாதை பாதியாகிவிடும். ஏ620, பி650 இரண்டிலும் அந்த ஸ்லாட் குறைந்தது 4.0 என்பதால் எங்கள் உதாரணத்தில் கவலையில்லை.

அடுத்தது எம்.2. எத்தனை, எந்த வேகம், எது எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் கொடுத்த விலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. உறவினர் ஒருவருக்குப் பூட்டிக் கொடுத்த கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டியைச் செருகினேன். குடும்பப் புகைப்படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. கேபிளை மாற்றினேன், மின் இணைப்பை மாற்றினேன், டிஸ்க்கைக் காதருகே வைத்துச் சுழல்கிறதா என்று கேட்டேன். அந்த அண்ணி பின்னால் நின்று "கல்யாண ஆல்பம் அதில்தானே இருக்கிறது?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். கடைசியில் கையேட்டைத் திறந்தால், எம்.2 அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இரண்டாவது ஸ்லாட் பயன்பாட்டில் இருந்தால் குறிப்பிட்ட சாட்டா துளை (ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் இடம்) வேலை செய்யாது. ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியதும் ஆல்பம் வந்துவிட்டது.

அந்தப் பொடி எழுத்து வரியைத் தேடிப் படியுங்கள். பிறகு, நீங்கள் தாளில் எழுதிய எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா என்று கூட்டிப் பாருங்கள்.

6. ரேம்

ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ1851இலும் அப்படியே. எல்ஜிஏ1700இல் ஒரே பெயருள்ள போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகையில் வரும். மாடல் பெயரின் வால் பகுதியில் வித்தியாசம் இருக்கும். இரண்டின் வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் உட்காரவே உட்காராது.

நான்கு ஸ்லாட் இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். டிடிஆர்5இல் நான்கையும் நிரப்பினால் வேகம் விழுந்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவு, இரண்டு ரேம்களுக்கு 5200, நான்குக்கு 3600. ஆகவே 8 ஜிபி இரண்டை இப்போது வாங்கிப் பிறகு இன்னும் இரண்டு சேர்ப்பது நல்ல திட்டமல்ல. 16 ஜிபி இரண்டை ஒரே பெட்டியாக வாங்கிவிடுங்கள். அப்படிச் செய்பவருக்கு இரண்டு ஸ்லாட் போர்டே போதும்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுவதானால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ஏறக்குறைய எல்லாப் போர்டுகளும் இதைத்தான் கேட்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் மாட்டிக்கொண்டு பாதி அகலத்தில் ஓடும்.

7. முன்பலகம், விசிறி, விளக்கு

கேபினட்டின் முகப்பில் டைப்-சி துளை இருந்தால், போர்டில் அதற்கென்று ஒரு தனி இணைப்பி வேண்டும். மலிவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் அது இல்லை. வாங்கியபின் அந்தக் கேபிளைச் சுருட்டி உள்ளே கட்டிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

விசிறி இணைப்பிகளை எண்ணுங்கள். கேபினட்டில் மூன்று விசிறி, பிராசசருக்கு ஒன்று, ஆக நான்கு. போர்டில் மூன்றுதான் இருக்கலாம். இரண்டை ஒன்றில் இணைக்கும் கேபிள் சல்லிசாகக் கிடைக்கும், அதையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

வண்ண விளக்கு பொருத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று பின் உள்ளது 5 வோல்ட், நான்கு பின் உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இணைப்பியில் திணித்தால் விளக்கு போய்விடும். "கொஞ்சம் அழுத்தினால் போகிறது" என்று தோன்றும் நேரத்தில் கையை எடுங்கள்.

இந்த இணைப்பிகள் பெரும்பாலும் போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும். சின்ன கேபினட்டில் அதற்குக் கீழேயே எஸ்எம்பிஎஸ் மூடி வந்துவிடும். தடித்த யூஎஸ்பி 3 கேபிள் அங்கே வளையாது. கிராபிக்ஸ் கார்டைச் செருகும் முன்பே இவற்றை எல்லாம் இணைத்துவிட வேண்டும். பிறகு விரல் நுழையாது.

8. பின்பக்கத் துளைகள்

விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர், ஹெட்செட், வெப்கேம். யூபிஎஸ்ஸின் கேபிளுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டு யூஎஸ்பி துளை காலியாக இருக்கட்டும். வைஃபை வேண்டுமென்றால் அது உள்ளமைந்த போர்டையே எடுங்கள். தனியாகச் சேர்ப்பது பெரிய மிச்சம் அல்ல.

9. பயாஸ்: பொருந்தும், ஆனால் ஓடாது

பயாஸ் என்பது கணினியை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். சாக்கெட் ஒன்றாக இருந்தும் திரை வராமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். பி650 போர்டுகள் 2022இல் வந்தவை; ரைசன் 9000 வந்தது 2024இல். அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால் புதிய பிராசசரை அது அடையாளம் காணாது.

நிறுவனத்தின் இணையதளத்தில், அந்தப் போர்டுக்கான பிராசசர் பட்டியலில் உங்கள் பிராசசரின் நேராக எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஓடும் என்று எழுதியிருக்கும். பின்பக்கத்தில் பயாஸ் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டாக இருந்தால் நிம்மதி: மின் இணைப்பு மட்டும் கொடுத்து, எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கோப்பை வைத்து, பிராசசர் இல்லாமலேயே புதுப்பிக்கலாம். கோப்பின் பெயரைக் கையேடு சொல்கிறபடி மாற்ற வேண்டும். குறிப்பிட்ட ஒரு யூஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிட்டுப் பொத்தானைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வாங்குகிறவர்கள் பயாஸை முதல் நாளே புதுப்பிப்பது நல்லது. அந்தப் பிராசசர்களில் எழுந்த நிலையற்ற ஓட்டத்துக்கு இன்டெல் 2024இல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் கொடுத்தது. அவை பயாஸ் வழியாகவே வந்து சேரும்.

10. கடையில்

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். ஏஎம்5இலும் இன்டெலிலும் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஏஎம்5இல் 1718. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின் வரிசைகள் நெல் வயல் போல ஒரே திசையில் மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மாறி மின்னினால் அந்த பின் வளைந்திருக்கிறது. கைபேசியில் அருகிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னை உத்தரவாதத்தில் ஏற்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் யார் வளைத்தது என்று நிரூபிக்க வழி இல்லை.

ரசீதில் போர்டின் வரிசை எண் இருக்க வேண்டும். அது இல்லாத ரசீதை வாங்காதீர்கள்.

11. கேபினட்டில் ஏற்றும் முன் பெட்டி மேல் சோதனை

அவசரப்படாதீர்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வையுங்கள். பிராசசர், அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு ரேம், 24 பின், பிராசசருக்குரிய 8 பின் ஆகியவை மட்டும் போதும். உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கேபிள் இரண்டு வகையில் வரும். பிராசசருக்குரியது நான்கும் நான்குமாகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்குரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிச் செருக முயன்றால் எதிர்க்கும். எதிர்ப்பை மதியுங்கள்.

முன்பலக இணைப்பியில் பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும். டிடிஆர்5 என்றால் முதல் முறை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. இரவு பத்து மணிக்கு "அண்ணா, போர்டு செத்துவிட்டது" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த நேரத்தில் மின்சாரத்தை அணைத்து அணைத்துப் போட்டவர்களிடமிருந்துதான். பத்து நிமிடம் தொடாமல் இருங்கள். அதற்கு மேலும் வராவிட்டால், போர்டில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

திரை வந்ததும், ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் அடிப்படை வேகத்திலேயே ஓடும். பிறகு கேபினட்டில் ஏற்றுங்கள். போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும்; முழு ஏடிஎக்ஸுக்கென்று முன்பே பொருத்தியிருந்த ஒன்று அடியில் மிச்சம் இருந்தால் போர்டின் முதுகில் பட்டு ஷார்ட் ஆகும். திருகுவதற்கு முன் எண்ணிப் பார்த்துக் கழற்றிவிடுங்கள்.

சாக்கெட்டிலிருந்து கழற்றிய அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள். உத்தரவாதத்துக்குப் போர்டை அனுப்பும்போது அது இல்லாமல் பின்கள் வழியிலேயே நசுங்கும். பெட்டிக்குள் போட்டு, ரசீதின் நகலையும் சேர்த்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.